சுறாவோடு நீந்தியவளின் அக்கா

அந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்ததே நான்தான். பிரான்சில், ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஆட்களை அனுப்பி அனுப்பியே என் தலை நரைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் என் தங்கச்சி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "மெக்சிக்கோவுக்கு ஒண்டு போடுங்கோ அக்கா, கடல் பாக்கப் போறன்" என்றாள். கடல் பார்க்க என்றால் என்ன நினைப்போம்? பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மணலில் விரித்த துவாய். மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல வேலையில் இருப்பவள், கல்யாணம் வேண்டாம் என்று நிற்பவள், போய்க் கொஞ்சம் வெயில் காயட்டும் என்று ஜன்னலோர இருக்கையாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் போய்ச் சில நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கீழே ஒரு வரி: "இது உன்ரை தங்கச்சியே?"

நீலத் தண்ணீர். முதலில் வேறொன்றும் தெரியவில்லை. நடுவில் கறுப்பு உடுப்போடு, காலில் நீளமான ரப்பர் செட்டைகளோடு ஒருத்தி நிமிர்ந்தபடி நிற்கிறாள். கீழே தரை இல்லை, ஆனாலும் நிற்கிறாள். பிறகு அந்த நீலத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சுறா வருகிறது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, வாய் கொஞ்சம் திறந்தபடி. எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் படுக்க வைத்தால் வால் குசினிக்குள் கிடக்கும். சுற்றிவரக் கம்பி இல்லை, கூண்டு இல்லை. அவள் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அதைப் பார்க்கிறாள். அது அவளைப் பார்க்கிறது. எட்டித் தொடலாம் என்ற தூரம்வரை வந்து, மெல்ல வளைந்து, போய்விடுகிறது.

முகமூடிக் கண்ணாடிக்குள் அவளுடைய முகம் ஒரு கணம் தெரிந்தது. என் தங்கச்சியேதான். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். தாய்க்குத் தாயாய் நின்று வளர்த்தவள் நான், நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. வயிறுதான் எரிந்தது. உள்ளதைச் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்? இவளுக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் பிரான்சுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அம்மா ஊரிலேயே நின்றுவிட்டதால் அவளை வளர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. லா சப்பலில் ஒரே ஒரு அறை எடுத்திருந்தோம். காலையில் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நான் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவப் போவேன். இங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போய் நீச்சல் பழக்குவார்கள். அவளுடைய ரப்பர் தொப்பியை ஒவ்வொரு கிழமையும் கழுவி, பவுடர் போட்டு, ஒட்டிக்கொள்ளாமல் மடித்து வைத்தது நான். கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தவள் நான், ஆனால் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எங்கள் பக்கத்துப் பொம்பிளைப் பிள்ளைகள் கடலில் இறங்குவதில்லை. ஒரு நாள் அந்தத் தொப்பியை என் தலையில் போட்டுப் பார்த்தேன். கொண்டைக்கு மேல் ஏறவில்லை.

வீடியோ வந்த மறுநாள் கடை திறக்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிக்கெட்டுக்கு அல்ல. பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரர் கையில் தேநீரோடு வந்து, "உங்கடை தங்கச்சிதானே அக்கா? என்ன துணிச்சல் அப்பா!" என்றார். எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே போட்டார்களாம், கொத்துரொட்டி தின்ன வந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்களாம். இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எனக்கு "ரிக்கற் அக்கா" என்று பெயர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லா சப்பலிலிருந்து ஒருவரும் கொழும்பில் போய் இறங்கியதில்லை. ஒரு கிழமைக்குள் அந்தப் பெயர் போய்விட்டது. "சுறாவோடை நீந்தின பிள்ளையின்ரை அக்கா" ஆகிவிட்டேன்.

சிரித்துக்கொண்டே ஓம், ஓம் என்று சொன்னேன். வேறென்ன செய்வது? பின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் பார்த்தது சுறாவை அல்ல. அவளுடைய முகத்தில் எங்கேயாவது ஒரு நடுக்கம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வழக்கமாக டிக்கெட் எடுக்க வருகிற ஒரு அம்மா, "தெருவே அவவைத்தான் கதைக்குது பிள்ளை, நாவூறு படப்போகுது, வந்தவுடனை சுத்திப் போடுங்கோ" என்றார். படுவதென்றால் முதலில் படுவது என்னுடைய கண்ணாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவள் வந்த அன்றே பியர்ஃபித்தில் எங்கள் வீட்டில் அவளை நிற்க வைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி, சட்டியில் போட்டுக் கருக்கினேன். மிளகாய் கருகியும் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. தொண்டை காறாவிட்டால் நாவூறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். "பாத்தியே, ஆரோ நல்லாக் கண் வைச்சிட்டினம்" என்றார் என் கணவர். நான் சட்டியைத் தண்ணீரில் பிடித்துக் கழுவினேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள்தான் ராணி. என் கணவர் கேட்டார், என் மகள் கேட்டாள், மேல்மாடியிலிருந்து வந்து நின்றவர்களும் கேட்டார்கள், எல்லாரும் ஒரே கேள்வி: பயமில்லையா? எல்லாருக்கும் அவள் சிரித்துக்கொண்டே இல்லை, இல்லை என்றாள். பிறகு விளக்கினாள். "முதுகைக் காட்டக்கூடாது. அதின்ரை கண்ணிலையிருந்து எங்கடை கண்ணை எடுக்கக்கூடாது. கையைக் காலை அடிச்சுத் துடிக்கக்கூடாது. ஓடினால்தான் அது பின்னாலை கலைச்சுக்கொண்டு வரும். கிட்ட வந்தால் நாங்களும் கொஞ்சம் முன்னுக்குப் போகோணும். அப்ப அது யோசிக்கும், இது சாப்பாடு இல்லைப் போலை எண்டு." அங்கத்தைய சுறாக்களைப் பல வருஷம் பழகி அறிந்த ஒருவர் அவளுக்குப் பின்னால் தண்ணீரில் நின்றாராம், அவளுடைய முதுகுப் பக்கத்தைக் கவனிப்பதற்கென்றே. அவர் இல்லாமல் தான் இறங்கியிருக்க மாட்டேன் என்றும், இது எல்லாரும் செய்கிற வேலை இல்லை என்றும் சொன்னாள். அவள் போன அந்த மெக்சிக்கோத் தீவுக்கு, அதற்குப் பிறகு ஒருவரையும் விடுவதில்லையாம்.

நான் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டேன், கறி போட்டேன், குசினிக்கும் மேசைக்குமாக நடந்தேன். அவள் இரண்டு மூன்று தடவை என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. அதனாலேயே கேட்கவில்லை.

இதுவரைக்கும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது மகளால்.

என் மகள் ஒற்றைப் பிள்ளை, இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். சித்தியோடு மட்டும் இரண்டையும் கலந்து மணிக்கணக்காகக் கதைப்பாள், சிரிப்பாள், நான் உள்ளே வந்தால் சிரிப்பு நிற்கும். கல்யாணம் முடித்து ஆர்ஜொந்தெய்யில் வீடு எடுத்தபோது, கூடத்துச் சுவரில் முதல் ஆணியை எதற்கு அடித்தாள் தெரியுமா? சித்தியும் சுறாவும் நிற்கிற படத்துக்கு. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். நானும் அவளுடைய அப்பாவும் கல்யாணத்தில் அட்சதை போடுகிற படம் குளியலறைக்குப் போகிற வழியில் இருந்தது. அந்த வீட்டுக்குப் போகும் போதெல்லாம் சோபாவில் சுறாவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அதற்குப் பிறகு சாப்பாட்டிலும் கை வைத்தாள். சுறா வறை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்த சாப்பாடு. சுறாவை அவித்து, தோலை உரித்து, முள் நீக்கி, கையால் உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வறுத்து எடுப்பது. "அம்மா, இந்த வீட்டில் இனிச் சுறா சமைத்தால் நான் வரமாட்டேன்" என்று மகள் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். கடலில் சுறாக்கள் குறைந்துகொண்டு போகின்றனவாம். என் தங்கச்சி சொன்னது, "நான் இனிச் சாப்பிடமாட்டன் அக்கா, நீங்கள் சாப்பிடுங்கோ" என்பது மட்டும்தான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர் சிறு சுறாவைத் தோலுரித்து, வேறொரு அழகான பெயர் வைத்துச் சந்தையில் விற்கிறார்கள். அதை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. என் சட்டிதான் எல்லாருடைய கண்ணிலும் குத்தியது. ஆனாலும் நிறுத்திவிட்டேன். மகள் வராத வீட்டில் வறை இருந்து என்ன?

மகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதும் நான் வேறு கணக்குப் போட்டேன். வீடியோவில் ஆயிரம் சுறாவோடு நீந்தட்டும், பிள்ளைப்பேற்றில் தாய்தான் தாய். மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்துச் சரக்குத்தூள் இடித்து வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் சனம் கொடுக்கிற முதல் கறி சரக்குக்கறி, அதோடு பால்சுறாவில் ஒரு வறை. பால்சுறா என்பது இரண்டு முழத்துக்கு மேல் அதிகம் வளராத சின்னச் சுறா. அது தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். நான் என் மகளைப் பெற்றபோது அம்மா இங்கே இல்லை. அப்போது பதினைந்து வயதில் இருந்த என் தங்கச்சிதான் பள்ளிக்கூடப் பையோடு மீன்கடைக்குப் போய், அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எனக்கு வறை செய்து தந்தாள். அந்த வறையைத் தின்றுதான் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். இப்போது என்னுடைய முறை.

ஏழாம் மாதம் மகள் என்னை ஒரு தேநீர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சொன்னால் நான் கத்துவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர்தான் நிற்கலாமாம். மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் இரத்தம் கண்டால் விழுந்துவிடுகிற ஆள். ஆகவே என்னைக் கேட்கப்போகிறாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தமிழிலேயே சொன்னாள்: "அம்மா, நீங்கள் பயப்படுவீங்கள். உங்களைப் பாத்தா எனக்கும் பயம் வரும். சித்தி சுறாவுக்கு முன்னாலையே நிண்டவ. அவ பக்கத்திலை நிண்டா எனக்குப் பயமில்லை."

தேநீர் நல்லாயிருக்கு என்றேன். மெத்ரோவில் வரும்போது அழுதேன், பக்கத்தில் இருந்த ஒரு பெண் காகிதக் கைக்குட்டை எடுத்து நீட்டினாள். கடலுக்குள் எங்கேயோ கிடக்கிற ஒரு மீன், என்னை என் மகளுடைய பிரசவ அறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. அதற்கு டிக்கெட் போட்டதும் நான்.

பிள்ளை வியாழக்கிழமை சாயங்காலம் பிறந்தது. பெண் குழந்தை. தங்கச்சிதான் தொலைபேசியில் சொன்னாள். "ரெண்டு பேரும் சுகம் அக்கா. கொடியை என்னைத்தான் வெட்டச் சொல்லிச்சினம்." தொப்புள்கொடி! அதையும் இவள்தான் வெட்டியிருக்கிறாள். சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது, எரிச்சலிலும் வந்தது, எது எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை. காலையிலேயே ரயில் ஏறி லா சப்பலில் மீன்கடைக்குப் போய்ப் பால்சுறா கேட்டேன். பால்சுறா கேட்டால் கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிடும். "ஆருக்கு அக்கா, மகளுக்கே? என்ன பிள்ளை?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டு, உறைபெட்டியின் அடியிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்துத் தந்தார். தந்துவிட்டு, "தங்கச்சியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, அவவின்ரை சொந்தக்காரர் எல்லோ" என்றார். முறைத்தேன். இன்னொரு துண்டைக் கூடப் போட்டுத் தந்தார்.

நான் வெள்ளிக்கிழமையில் மீன் அவிப்பதைக் கண்டு என் கணவர் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. என் மனதில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஒளிக்கப் போவதில்லை. இது என்ன மீன் என்று மகள் கேட்டால், ஓம், சுறாதான், உன்னைப் பெத்த நேரம் நான் திண்டதும் இதுதான், இதுதான் உனக்குப் பாலாய் வந்தது, சித்தி சொல்லிப் பிள்ளை வளர்க்கலாம் எண்டு நினைச்சால் வளர் என்று முகத்துக்கு நேரே சொல்வதாக இருந்தேன். சேன்-லசாரிலிருந்து ஆர்ஜொந்தெய் போகிற ரயிலில் மடியில் சூடான பெட்டியோடு அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். வறையின் வாசமோ என் முகமோ, தெரியாது.

ஆஸ்பத்திரி அறையில் மகள் படுத்திருந்தாள், தங்கச்சி கட்டில் ஓரத்தில் இருந்தாள். மருமகன் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளையை என் கையில் தந்தார்கள். என் மூக்கு, அப்படியே என் மூக்கு. கொஞ்ச நேரம் நான் எதற்காக வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன். பிறகு பிள்ளை வீரிட்டது. மகள் வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். உறிஞ்சிப் பார்த்துவிட்டு மறுபடியும் வீரிட்டது. பால் வர இன்னும் ஒன்றிரண்டு நாள் செல்லும், பயப்பட வேண்டாம் என்று தாதி சொன்னாளாம். ஆனால் மகளுடைய கண் வீங்கியிருந்தது. இரவு முழுக்க அழுதிருக்கிறாள். காலையில் தந்த ரொட்டியும் ஜாமும் அப்படியே தட்டில் இருந்தன.

நான் பெட்டியைத் திறந்தேன். சோறும் சரக்குக்கறியும் ஒரு பக்கம், வறை மறுபக்கம். வாசம் அறையை நிறைத்தது. தங்கச்சியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவளுக்கு அந்த வாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது சுறாவா?"

நான் மூச்சை இழுத்தேன். ரயிலில் சொல்லிப் பார்த்த வசனம் நாக்கு நுனியில் நின்றது.

"தோன்" என்றாள் என் தங்கச்சி. பிரெஞ்சில் டூனா மீனுக்கு அதுதான் பெயர். தகர ரின்னில் அடைத்து வருகிற டூனாவில் வறை செய்வதை இங்கே பிறந்த பிள்ளைகள் கண்டு வளர்ந்தவர்கள். மகள் சந்தேகமாகப் பார்த்தாள். அப்போது என் தங்கச்சி கரண்டியை எடுத்து, வறையில் ஒரு வாய் அள்ளி, தன் வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் அள்ளினாள். சுறா தின்பதைச் சில வருஷங்களுக்கு முன்பே விட்டவள். மென்று முடிக்கும்வரை என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நல்லாயிருக்கு. சாப்பிடு" என்று கரண்டியை மகளிடம் கொடுத்தாள். மகள் சாப்பிட்டாள். பசியில் இருந்திருக்கிறாள் பாவம், பெட்டியை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையால் சமைத்ததை என் பிள்ளை சாப்பிடுகிறாள், எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் வயிறு எரிந்தது. நான் கொடுத்ததற்காகச் சாப்பிடவில்லை, சித்தி சொன்னதற்காகச் சாப்பிட்டாள். என் சண்டையைக்கூட எனக்கு விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டாளே இவள் என்றிருந்தது.

திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரே ரயிலில் ஏறினோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். செய்ன் நதிப் பாலத்தில் ரயில் போனது, அவள் தண்ணீரைப் பார்த்தாள். நான் வெறும் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.

"ஏன் பொய் சொன்னனி?" என்றேன்.

"அவள் பசியோடை இருந்தாள் அக்கா. நீங்கள் சண்டையோடை வந்தனீங்கள். சண்டை தொடங்கியிருந்தா அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள்."

"நான் சண்டைக்கு வந்தனான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"முகத்திலை எழுதியிருந்தது."

பெட்டியின் மூடியை இறுக்கினேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "உப்புச் சரியே?"

"சரி. நான் உங்களுக்குச் செய்ததிலைதான் உப்பே இல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லாமல் முழுக்கச் சாப்பிட்டனீங்கள். பிறகு சட்டி வழிக்கேக்கைதான் எனக்கே தெரிஞ்சது."

அதை அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ரயில் ஒரு நிலையத்தில் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். இத்தனை வருஷமாக நான் அடக்கி வைத்திருந்த அந்தக் கேள்வி, எல்லாரும் கேட்டு நான் மட்டும் கேட்காத கேள்வி, தன்பாட்டில் வெளியே வந்துவிட்டது.

"அதுக்கு முன்னாலை நிக்கேக்கை உனக்குப் பயமே வரேல்லையா?"

எல்லாருக்கும் சொன்னதுபோல் அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"வந்தது. ஆனால் என்ன செய்யோணும் எண்டு எனக்கு முந்தியே தெரியும். முதுகைக் காட்டக்கூடாது, கண்ணை எடுக்கக்கூடாது, துடிக்கக்கூடாது." என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒன்பது வயசிலையிருந்து உங்களோடையெல்லோ இருக்கிறன் அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். சேன்-லசார் வரும்வரை அப்படியே இருந்தேன்.

அன்று ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். அவள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். எனக்காகத் தின்றிருக்கிறாள். நாளைக்கும் நான் சுறாவைக் கொண்டுபோனால் நாளைக்கும் அவள் தின்னவேண்டி வரும். இவளுக்குக் கடன்பட்டுக்கொண்டே போக என்னால் முடியாது. சனிக்கிழமை காலை அதே மீன்கடைக்குப் போய் டூனா கேட்டேன். கடைக்காரர், "பால் வந்திட்டுதே அதுக்குள்ளை?" என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கோ என்றேன். அதே தேங்காய்ப்பூ, அதே மஞ்சள், அதே கை. ஒன்றும் குறை வைக்கவில்லை. தங்கச்சி சொன்ன பொய்யை உண்மையாக்கிக்கொண்டு மறுபடியும் ஆர்ஜொந்தெய்க்கு ரயில் ஏறினேன்.

அறைக்குள் போனால் மகளுடைய முகம் தெளிந்திருந்தது. தங்கச்சியும் இருந்தாள். "கொஞ்சம் வருது அம்மா, காலமை தொடங்கிட்டுது" என்று மகள் தமிழிலேயே சொன்னாள். பிள்ளை குடித்துவிட்டு, வாயோரம் ஈரம் காயாமல் நித்திரையாக இருந்தது. தாதி சொன்ன நாள்தான் அது, தன்பாட்டில் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். எனக்குத் தெரியும் எதனால் வந்தது என்று.

பெட்டியைத் திறந்து கொடுத்தேன். மகள் ஆசையாக ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நேற்றையது மாதிரி இல்லை. நேற்றையதுதான் நல்ல ருசி. நேற்று எங்கை வாங்கினீங்கள் அந்தத் தோனை? நாளைக்கு அதையே கொண்டு வாங்கோ."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, வீடியோவில் நின்ற அதே மாதிரி நிமிர்ந்து இருந்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய உதடு நடுங்கத் தொடங்கியது. பிறகு, வெள்ளைச் சுறாவுக்கு முன்னால் கண்ணை எடுக்காதவள், என்னிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினாள். சிரிப்பில் அவளுடைய தோள் இரண்டும் குலுங்கின.